ஸ்பேனர் இரண்டாம் பாகம்: சிறப்புகளும் கடினமும்

அன்று மதியம் அக்கா என்னிடம் கேட்ட கடைசி சாதாரணக் கேள்வி, சார்ஜர் எங்கே என்பது. என் மேஜைமேல் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கத் தெரியாதவன் என்று வழக்கமான வசவு ஒன்று விழுந்தது, அதையும் வழக்கம்போல வாங்கிக்கொண்டேன். அதற்கு அடுத்து அவள் கேட்ட கேள்வி சாதாரணமானது அல்ல. அதற்கு நான் ஒரு பதில் சொன்னேன். அன்று சாயங்காலம் அவள் இறந்துபோனாள்.

உங்கள் பத்திரிகை என்னிடம் கேட்டிருப்பது வேறு. ‘ஸ்பேனர்’ இரண்டாம் பாகம் வெளிவந்து ஒரு வருடம் ஆகிறது, அதன் சிறப்புகளையும் கடினத்தையும் பற்றி உருவாக்கியவரே எழுதினால் வாசகர்கள் மகிழ்வார்கள் என்று ஆசிரியர் எழுதியிருந்தார். எழுதுகிறேன். சிறப்புகள் வரும், கடினமும் வரும். கேட்டதைவிடக் கொஞ்சம் கூடவே வரும்.

விளையாடாதவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். ‘ஸ்பேனர்’, கையில் பிடித்து விளையாடும் பெட்டிக்காக நாங்கள் செய்த விளையாட்டு. உள்ளங்கை அகலத்தில் ஒரு திரை, இரண்டு பக்கமும் பொத்தான்கள், பேருந்தில் இடம் கிடைக்காவிட்டாலும் நின்றபடி விளையாடலாம். கதாநாயகர் ஒரு லிப்ட் மெக்கானிக். நாற்பது மாடிக் கட்டடத்தில் லிப்ட் நின்றுவிட்டது. அதைச் சரிசெய்ய மெக்கானிக் மேலே போக வேண்டும். மேலே போக லிப்ட் இல்லை. ஆகவே கையில் ஸ்பேனரோடு குழாய்க்குக் குழாய், ஜன்னலுக்கு ஜன்னல் தாவி ஏறுகிறார். வழியில் புறாக்கள், கழன்ற கம்பிகள், கடைசியில் குடியிருப்போர் சங்கச் செயலாளர். எல்லோருக்கும் ஸ்பேனரால் ஒரு தட்டு.

அந்த மெக்கானிக் வேறு யாருமில்லை, அக்காவின் கணவர், என் அத்தான். தொழிலும் அதுதான், தொப்பையும் அதுதான். கல்யாணமான புதிதில் தினமும் ஏதாவது ஒரு கட்டடத்தில் இருபது மாடி ஏறிவிட்டு முழங்காலைத் தடவிக்கொண்டு வருவார். லிப்ட் ரிப்பேர்காரனுக்கு மட்டும் லிப்ட் கிடையாது என்று அக்கா சிரிப்பாள். அந்தச் சிரிப்பிலிருந்துதான் முதல் பாகம் பிறந்தது. அத்தானுக்கு அதை விளையாடத் தெரியாது. தன் தொப்பை குலுங்குவதை மட்டும் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, “என்னைய வெச்சு காமெடி பண்ணிட்டீங்க” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போவார்.

முதல் பாகத்தை உலகம் கொண்டாடியது. அக்கா செய்தாள், நான் உதவினேன். விளையாட்டு முடிந்ததும் திரையில் ஓடும் பெயர்ப் பட்டியலில் அவள் பெயருக்குக் கீழே ‘மற்றும் தம்பி’ என்று இருக்கும். அதுவும் அவள் அன்பாகச் செய்ததுதான். விமர்சகர்களில் ஒருவர், தம்பி என்பது பூனையின் பெயரா என்று கேட்டிருந்தார். அக்கா அதை அச்செடுத்து என் நாற்காலிக்கு மேலே ஒட்டினாள். நான் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஆகவே இரண்டாம் பாகத்தை நானே செய்வது என்று முடிவாயிற்று. அதன் முதல் சிறப்பு, திசை. முதல் பாகத்தில் மெக்கானிக் ஏறினார். இரண்டாம் பாகத்தில் இறங்குகிறார். நாற்பதாவது மாடியிலிருந்து, லிப்ட் ஏறி இறங்கும் கிணறு போன்ற வெற்றுக் குழியின் வழியாக அடித்தளம் வரை. ஏறும்போது தவறினால் புறப்பட்ட இடத்துக்கு வந்துசேர்வோம். இறங்கும்போது தவறினால் போகவேண்டிய இடத்துக்கே போகிறோம், என்ன, கொஞ்சம் வேகமாக. இது வேடிக்கையாக இருக்கும் என்று நான் சொன்னபோது அக்கா யோசித்துவிட்டு, “நல்லாத்தான்டா இருக்கு” என்றாள். குழந்தை வரைந்த யானையைப் பார்த்து நாம் சொல்வோமே, அந்தக் குரலில்.

இரண்டாவது சிறப்பு, யாரும் சாவதில்லை. இது முதல் பாகத்திலிருந்தே அக்கா போட்ட சட்டம். மெக்கானிக் விழுந்தால் ஒரு நட்டு தரையில் உருளும் சத்தம் கேட்கும், உடனே பழையபடி மேலே நிற்பார். எத்தனை முறை விழுந்தோம் என்று மூலையில் ஓர் எண் மட்டும் ஏறும். “விழறதுக்கும் சாகறதுக்கும் வித்தியாசம் தெரியாதவங்கதான் சாவுன்னு போடுவாங்க” என்பாள்.

மூன்றாவது சிறப்பை விமர்சகர்கள் எல்லோரும் குறிப்பிட்டிருந்தார்கள். இருபது நொடி எந்தப் பொத்தானையும் அழுத்தாமல் இருந்தால் மெக்கானிக் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பார். மூடி திறக்கும்போது டக் என்று ஒரு சத்தம். உள்ளே பார்ப்பார், மூடுவார், மறுபடி இருபது நொடி கழித்துத் திறப்பார். அத்தான் சாப்பிடுமுன் அப்படித்தான் இரண்டு மூன்று முறை திறந்து பார்ப்பார், ஏதோ உள்ளே மாறியிருக்கும் என்பதுபோல. அக்கா ஒரு மாலை முழுதும் உட்கார்ந்து அந்த மூடிச் சத்தத்தைப் பதிவு செய்தாள்.

இனி கடினம்.

இந்தத் தொழிலின் ரகசியம் ஒன்றை வெளியில் சொல்வதில்லை. விளிம்பிலிருந்து கால் நழுவிய பிறகும் குதிக்கலாம். நீங்கள் தாமதமாகத்தான் பொத்தானை அழுத்துகிறீர்கள். மெக்கானிக் ஏற்கெனவே காற்றில் இருக்கிறார். ஆனாலும் விளையாட்டு கண்ணை மூடிக்கொண்டு, சரி குதித்துக்கொள் என்று விட்டுவிடுகிறது. திரையில் படம் நொடிக்கு அறுபது முறை மாறும். அதில் ஆறு முறை மாறும் நேரம், அதாவது நொடியில் பத்தில் ஒரு பங்கு, விளையாடுகிறவருக்கு இந்தச் சலுகை. எங்கள் கோப்பில் அந்த வரிக்கு அக்கா ‘விளிம்பு’ என்று பெயர் வைத்திருந்தாள். விளிம்பு, ஆறு. எனக்கு நன்றாக விளையாட வருகிறது என்று உலகத்தில் பல லட்சம் பேர் நம்புவது அந்த ஒரு வரியால்தான்.

எங்கள் வீட்டில் இன்னொரு சட்டமும் உண்டு. எந்தக் கட்டமும் வெளியே போவதற்கு முன்னால் நாங்கள் இருவருமே அதை ஒருமுறையாவது முடித்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் அல்ல, உண்மையான பெட்டியில். செய்தவர் முதலில், மற்றவர் பிறகு. இரண்டாம் பாகத்தில் முதல் பதினொரு கட்டங்களையும் நான் முடித்துவிட்டு அக்காவிடம் கொடுத்தேன். பதினொன்றையும் அவள் காய் நறுக்கும் இடைவெளிகளில் முடித்தாள். ஒவ்வொன்றையும் முடித்துவிட்டு நல்லா இருக்கு என்றாள்.

பன்னிரண்டாவது, கடைசிக் கட்டம். நாற்பது மாடிக் கிணறு, இடையில் நிற்க வசதியான இடமே கிடையாது, பதினேழு விளிம்புகள். நான் நாலு நாள் போராடி முடித்தேன். அக்கா இரண்டாம் நாளே பதினாலாவது விளிம்புக்கு வந்துவிட்டாள். அன்றைக்கு அவள் முகத்தில் சிரமம் என்று எதுவும் இல்லை. பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி விளையாடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை கோப்பில் அந்த ‘விளிம்பு’ வரியின் ஆறை ஐந்தாக்கினேன், எண் குறைந்தால் சலுகையும் குறையும்.

பெட்டியில் புதுப் பதிப்பை ஏற்றுவது என் வேலை. கேபிளைச் செருகி, டீ கொதிப்பதற்குள் முடிந்துவிடும். ஒரு எண்ணை மாற்றினேன், அவ்வளவுதான். இரண்டாம் பாகம் என்றால் முதல் பாகத்தைவிடக் கடினமாக இருக்க வேண்டும் என்று விமர்சகர்கள் எழுதுகிறார்களே, நான் அவர்கள் பேச்சைக் கேட்டேன். எளிதாக இருந்தால் சின்னப் பிள்ளை விளையாட்டு என்பார்கள், கடினமாக இருந்தால் அநியாயம் என்பார்கள், நடுவில் இருந்தால் எதுவும் எழுத மாட்டார்கள். கஷ்டம் ஆனால் நியாயம் என்று எழுதவைப்பதற்காக இந்தத் தொழிலில் ஆட்கள் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். அடுத்த வாரம் நாலாக்கினேன். அதற்கடுத்த வாரம் மூன்று. மூன்றில் நானே ஒருமுறைகூட முடித்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது சட்டத்தை மீறியதாகாது. நான் ஆறிலேயே முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அக்காவுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரல் சோம்பேறியாகிவிட்டது, வயசாகிறது என்றாள். அவளுக்கு நாற்பத்தாறு. பாட்டு நின்றுவிட்டது. நட்டு உருளும் சத்தம் வீட்டில் நாள் முழுக்கக் கேட்டது. இதை எழுதும்போதும் மறைக்க மாட்டேன், அந்த மூன்று வாரம் எனக்கு நன்றாகச் சாப்பாடு இறங்கியது.

இந்த இடத்தில் அவள் உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வருடத் தொடக்கத்திலிருந்தே அவளுக்கு நடந்தால் மூச்சு வாங்கியது. ஆனால் நாங்கள் மூவரும் இருந்தது மூன்றாவது மாடி, அத்தான் பராமரிக்கும் லிப்ட். ஊரிலேயே பழுதாகாத லிப்ட் எங்களுடையதுதான். பழுதாகாத லிப்ட் இருக்கும் வீட்டில் யாருக்கு எப்போது மூச்சு வாங்குகிறது என்று யாருக்குத் தெரியும். பிறகு தாடையில் ஒரு வலி வந்தது, பல் டாக்டரிடம் போனாள். பல் டாக்டர் பல்லில் ஒன்றுமில்லை, இதயத்தைப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார். பக்கத்து மருத்துவர் ஒரு பரிசோதனை செய்துவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு உடனே போகச் சொன்னார். அக்கா, இந்தக் கட்டம் முடியட்டும் போகிறேன் என்றாள். விளையாட்டை ஒப்படைக்க வேண்டிய தேதி நெருங்கிக்கொண்டிருந்தது உண்மை. ஆனால் அது காரணமில்லை. தன் தம்பி செய்த ஒரு கிணற்றில் இறங்க முடியாமல் எழுந்து போக அவளால் முடியவில்லை.

நாள் தள்ளிக்கொண்டே போயிற்று. கடைசியில் ஒரு புதன்கிழமை நாலு மணிக்கு என்று அத்தானே நேரம் வாங்கினார். முந்தின நாள் சாயங்காலம், அக்கா குளிக்கப் போயிருந்தபோது, என் மேஜை பக்கத்தில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“மச்சான், அது உன் கையிலதான இருக்கு?”

எது என்றேன்.

“அந்தக் கடைசி கட்டம். கொஞ்சம் லேசாக்கிவிடேன். அவகிட்ட சொல்ல வேணாம். முடிச்சுட்டாள்னா சிரிச்சுக்கிட்டே வண்டியில ஏறிடுவா. இல்லேன்னா நாளைக்கும் ஏதாவது சொல்லி நிறுத்திடுவா, உனக்குத் தெரியாதா உங்கக்காவ.”

அக்காவுக்குத் தெரியாமல் லேசாக்குவது அவளை அவமதிப்பதாகும் என்று சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்புறம், “அவமானப்படறதுக்காவது ஆளு இருக்கணும்ல” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி உங்களுக்குத் தெரிந்ததுதான். போன வருடம் ஒரு பேட்டியில் நானே சொன்னேன். அக்காவுக்குத் தெரியாமல் விளிம்பை மூன்றாக்கினேன், அவள் அதோடு போராடிக்கொண்டே இறந்தாள், அந்தக் குற்ற உணர்வோடு வாழ்கிறேன் என்று. பேட்டி எடுத்தவர் மூக்கை உறிஞ்சினார். வாசகர்கள் ஆயிரக்கணக்கில் ஆறுதல் எழுதினார்கள். உங்கள் அக்கா கடைசிவரை வீராங்கனையாக இருந்தார் என்று ஒருவர். தன்னை மன்னித்துக்கொள்ளத் தெரியாதவர்களே பெரிய கலைஞர்கள் என்று இன்னொருவர். பிறகு, அக்கா விளையாடிய அதே மூன்றை எங்களுக்கும் கொடுங்கள் என்று கோரிக்கை கிளம்பியது. கொடுத்தேன். விளையாட்டின் தொடக்கத் திரையில் அதற்கு ஒரு தனிப் பொத்தான் வைத்தேன். இரண்டாம் பாகத்தின் பெருமையில் பாதி அந்தப் பொத்தானுக்குச் சேரும். கஷ்டம் ஆனால் நியாயம் என்று ஒன்பது பேர் எழுதினார்கள், எண்ணி வைத்திருக்கிறேன்.

நான் பேட்டியில் சொன்னது அத்தனையும் உண்மை. புதன்கிழமை காலை வரைக்கும் உண்மை.

புதன்கிழமை காலை நான் விளிம்பை ஆறாக்கினேன். அத்தான் சொன்னது ராத்திரி முழுக்க உறுத்திக்கொண்டிருந்தது. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. கேபிளைச் செருகினேன், மூன்றை அழித்தேன், ஆறு என்று அடித்தேன், பெட்டியை அவள் நாற்காலியில் வைத்தேன். கேபிளும் சார்ஜரும் என் மேஜையிலேயே தங்கிவிட்டன. அவள் மதியம் அதைத்தான் கேட்டாள்.

பன்னிரண்டரைக்கு விளையாட உட்கார்ந்தாள். மூன்றரைக்கு அத்தான் வண்டியோடு வருவதாக ஏற்பாடு. மருத்துவமனைக்குப் போகும் உடுப்பைக்கூட உடுத்தித் தயாராக இருந்தாள், தோள்பை மடியில். ஆறில் அவளுக்கு அந்தக் கட்டம் அரைமணி நேர வேலை. நான் எதிரில் உட்கார்ந்து ஏதோ பட்டியல் சரிபார்ப்பதுபோல இருந்தேன். உள்ளூர ஒரு வருத்தம் இருந்தது. இன்னும் அரைமணியில் முடித்துவிட்டு நல்லா இருக்குடா என்பாள், என் கிணறு மற்ற பதினொன்றோடு சேர்ந்துவிடும் என்று.

நட்டு உருண்டது. மறுபடி உருண்டது. எட்டிப் பார்த்தேன். இரண்டாவது விளிம்பு. மூன்றில் இருந்தபோதுகூட அவள் அந்த விளிம்பில் விழுந்ததில்லை. அக்காவுக்கு இடக்கைப் பழக்கம், குதிக்கும் பொத்தானை இடது பக்கத்துக்கு மாற்றி வைத்திருந்தாள். இடது கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே நிற்கிறது, மெக்கானிக் விளிம்பைத் தாண்டுகிறார், விரல் யோசிக்கிறது, அப்புறம் இறங்குகிறது. இருபது முறை, முப்பது முறை, அதே இடம்.

பெட்டியை மடியில் வைத்தாள். இடது கையை முகத்துக்கு நேரே தூக்கி விரலை மடக்கினாள், விரித்தாள். வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“டேய், உண்மையச் சொல்லு. இது விளையாட்டா, என் கையா?”

நான் சொன்ன பதிலுக்கு முன்னால் கொஞ்சம் நேரம் இருந்தது. எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியும், இதுதானே என் தொழில். மூன்று நொடி. நூற்றெண்பது முறை படம் மாறும் நேரம். அந்த நேரத்தில் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. விளிம்பு ஆறு என்று தெரியும். தாடை வலி தெரியும். இடது கை தளர்ந்தால் இதயத்தைப் பார் என்று மருந்துக்கடை கொடுக்கும் எந்தக் காலண்டர் அட்டையிலும் போட்டிருக்கிறது. கைதான் அக்கா என்று சொன்னால் அவள் எழுந்துகொள்வாள் என்பதும் தெரியும், தோள்பைதான் மடியிலேயே இருக்கிறதே.

ஆனால் கை என்று சொல்லிவிட்டால், அந்த மூன்று வாரம் அவளை நிறுத்தி வைத்தது எது என்ற கணக்கு மாறிவிடும். பாட்டு நின்றதும் முகம் சுருங்கியதும் என் கிணற்றால் இல்லை, ஏதோ ஓர் அடைப்பால் என்று ஆகிவிடும். ஒரு ரத்தக் குழாய் வந்து என் பெயரைத் தட்டிக்கொண்டு போய்விடும்.

“விளையாட்டுதான்க்கா,” என்றேன். “விளிம்ப மூணாக்கிட்டேன். உனக்குச் சொல்லல. மூணு வாரமாச்சு.”

வாயை மூடாமல் என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து மாதக்கணக்காகியிருந்தது. நாற்காலியில் சாய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“அடப்பாவி. நான் கைதான் போச்சுன்னு நெனச்சு உள்ளுக்குள்ள செத்துக்கிட்டிருக்கேன், நீ இந்த வேலை பண்ணி வெச்சிருக்கியா? மூணா? மூணுல மனுஷன் விளையாடுவானாடா?”

நான் தோளைக் குலுக்கினேன்.

அப்போது அவள் அதைச் சொன்னாள். என்னைச் சின்ன வயதிலிருந்து பார்க்கும் பார்வையில் அல்ல, ஒரு தொழில்காரி இன்னொரு தொழில்காரனைப் பார்க்கும் பார்வையில்.

“ஆனா ஒண்ணுடா. கஷ்டமா இருக்கு. நெஜமாவே கஷ்டம். என்னால முடியல. நல்லா பண்ணியிருக்க.”

உடனே அத்தானுக்குப் போன் செய்தாள். வர வேண்டாம், திங்கட்கிழமைக்கு மாற்றிவிடுங்கள், இந்தத் திருடன் என்னை ஏமாற்றியிருக்கிறான், இன்றைக்கு இவனை ஒரு வழி பண்ணாமல் எழுந்திருக்க மாட்டேன் என்றாள். மறுமுனையில் அத்தான் என்னிடம் கொடுக்கச் சொன்னார். கை மரத்துப்போகிறது என்று காலையில் சொன்னாளே, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். காலையில் அவள் அப்படிச் சொன்னது எனக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொண்டேன்.

“கைல ஒண்ணும் இல்ல அத்தான். தப்பு என்மேலதான், நான்தான் கஷ்டமாக்கிட்டேன்,” என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார், நிம்மதியாகத்தான். “நீங்க ரெண்டு பேரும் இருக்கீங்களே” என்று சொல்லி வைத்துவிட்டார்.

இரண்டரை மணிக்கு மறுபடி ஆரம்பித்தாள். அவள் முகத்தில் பயம் போய்விட்டிருந்தது. அதைப் போக்கியது நான் என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். நட்டு உருண்டுகொண்டே இருந்தது. ஒருமுறை ஐந்தாவது விளிம்புவரை போனாள். இடது தோளை வலக்கையால் பிசைந்துகொண்டாள், மூன்றில் விளையாடினால் தோள்கூட வலிக்கும்போல என்றாள். ஆமாம் என்றேன்.

நாலரை மணிக்கு மேல் நட்டுச் சத்தம் நின்றது. கொஞ்சம் கழித்து டக் என்று டிபன் பாக்ஸ் திறந்தது. யோசிக்கிறாள் என்று நினைத்தேன். மறுபடி டக். நான் தலையைத் தூக்கவில்லை. சத்தியமாக என் மனத்தில் இருந்தது இதுதான்: அக்கா கைவிட்டுவிட்டாள். தோற்றுவிட்டேன் என்று ஒப்புக்கொள்ள வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறாள். அந்த நேரத்தில் நிமிர்ந்து பார்ப்பது நாகரிகம் இல்லை. அவளாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். மெக்கானிக் பதினொரு முறை டிபன் பாக்ஸைத் திறந்து மூடினார். பன்னிரண்டாவது முறைதான் நான் நிமிர்ந்தேன்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாவற்றையும் என்றால், மூன்று வாரக் கதையை. நான்தான் கஷ்டமாக்கினேன், அதனால்தான் அவள் எழுந்து வரவில்லை என்று அழுதேன். அவர் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். “விளையாட்டுல கஷ்டம் வெச்சா யாராவது சாவாங்களா மச்சான்? நீ என்ன பண்ணுவ. கைல ஒண்ணும் இல்லேன்னுதான நீயும் நெனச்ச, உனக்கு எப்படித் தெரியும்” என்றார். தன் மனைவியைப் பறிகொடுத்த கையால் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். ஒரு தவறை ஒப்புக்கொள்வதில் எவ்வளவு ஆறுதல் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். பொருத்தமான தவறாகப் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

அதன்பிறகு அத்தான் செய்ததைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. அக்காவின் பெட்டியை எடுத்துக்கொண்டார். அந்தப் புதன்கிழமை நான் ஏற்றிய பதிப்போடு, அவள் விரல்ரேகையோடு, அப்படியே. வேலை முடிந்து வந்து, கிரீஸ் போகக் கையைக் கழுவிவிட்டு, அவள் நாற்காலியில் உட்கார்ந்து விளையாட ஆரம்பித்தார். அவள் விட்ட இடத்தை முடிப்பது என்று மனத்தில் வைத்துக்கொண்டிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. அவர் விரல்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு போல்ட். ஒரே நேரத்தில் இரண்டு பொத்தானை அழுத்துவார். முதல் மாதம் முழுக்க இரண்டாவது விளிம்பைத் தாண்டவில்லை. அது போதும், விட்டுவிடுவார் என்றிருந்தேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் முடித்துவிட்டார்.

சாயங்காலம், வேலை உடுப்போடு என் மேஜைக்கு வந்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை. பெட்டியை என் முன்னால் வைத்தார்.

“முடிச்சுட்டேன்,” என்றார்.

வாழ்த்து சொன்னேன்.

“உலகத்துல மூணுல முடிச்சவங்க எத்தன பேரு மச்சான்?”

நாலு பேர் என்றேன். அதில் ஒருவன் போட்டிகளில் விளையாடுவதையே தொழிலாக வைத்திருப்பவன்.

“நான் அஞ்சாவதா?” கட்டைவிரல்களை நீட்டிக் காட்டினார். “இத வெச்சா?”

பழக்கம் அத்தான், விடாமுயற்சி என்றேன். அவர் தலையாட்டினார். நம்பியதற்கான தலையாட்டல் மாதிரி இல்லை.

“அவளால முடியாதது எனக்கு எப்படி முடிஞ்சுதுன்னுதான் யோசிக்கிறேன். எங்க வேலையில ஒண்ணு உண்டு மச்சான். லிப்டுக்குள்ள எந்த மாடின்னு நம்பர் காட்டும்ல, அத நம்பி நாங்க கால வைக்க மாட்டோம். கதவத் தெறந்து பாத்துட்டுத்தான் வைப்போம்.” பெட்டியை விரலால் என் பக்கம் தள்ளினார். “இதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குப் பாக்கத் தெரியாது. நீ பாத்துச் சொல்லு. அவசரமில்ல.”

அன்றிலிருந்து பெட்டி என் மேஜைமேல்தான் இருக்கிறது. அத்தான் தினமும் காலையில் அந்தப் பக்கமாக நடந்து சமையலறைக்குப் போகிறார், டீ வேணுமா மச்சான் என்று கேட்கிறார், பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

கேபிளைச் செருகி ஆறை மூன்றாக்குவது எனக்கு ஒரு டீ கொதிக்கும் நேர வேலை. பிறகு அவரைக் கூப்பிட்டு, பாருங்கள் அத்தான், மூன்றுதான் என்று காட்டிவிடலாம். நான் அதைச் செய்யவில்லை. என்னைப் பற்றித் தீர்ப்பு எழுதப்போகிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பதினான்கு நாள் ஒரு மனிதன் ஒரு பொய்யைச் சொல்லாமல் இருந்திருக்கிறான். அதோடு நிற்காமல் முழு உண்மையையும் இப்போது இங்கே, லட்சம் பேர் படிக்கும் பத்திரிகையில், எழுதியும் கொடுக்கிறான். அத்தான் உங்கள் பத்திரிகையைப் படிப்பதில்லை.

கட்டுரையின் தலைப்பில் கடினம் என்று இருப்பதை மட்டும் எடுத்துவிட வேண்டாம் என்று ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்பது விமர்சகர்கள் சொன்னார்கள் என்பதற்காக அல்ல. அவர்கள் யார்.

இன்று காலையும் கேபிளைச் செருகிப் பார்த்தேன். விளிம்பு, ஆறு. அக்கா அதைக் கஷ்டம் என்றுதான் சொன்னாள்.